அமுங்காத சக்கரம்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று எங்கள் பக்கம் சொல்லப்படும் எதையும் நான் நம்பியவள் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். மெக்கானிக்கல் படித்தேன், இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் எடுக்கிறேன், பையன்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே சத்தம் கேட்டால் பயப்படாதே, எங்கிருந்து வருகிறது என்று பார் என்பதுதான். அப்படிப்பட்ட நான் இதை எழுதுகிறேன் என்றால் எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நீங்கள் நம்பாமல் படித்தாலும் பரவாயில்லை, நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

என் அப்பா பூ ஏற்றுகிறவர். ஆலங்குடியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மல்லிகையும் சம்பங்கியும் வாங்கி, பைக்கில் இரண்டு பக்கமும் கூடை கட்டி, விடிவதற்குள் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். தோட்டத்துப் பாதை எல்லாம் கருவேல முள். வாரம் ஒரு பஞ்சர் என்பது எங்கள் வீட்டில் சாப்பாடு மாதிரி. ஒருநாள் பூ லோடோடு வரும்போது பின் டியூப் ஒரேயடியாக வெடித்து, வண்டி இழுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் தள்ளி, அப்பாவின் தோள்பட்டை எலும்பு உடைந்தது. கட்டுப் போட்டு வீட்டில் கிடந்த அந்த நாட்களில்தான் நான் முடிவு செய்தேன், இனி அப்பா டியூப் உள்ள சக்கரத்தில் போகக் கூடாது என்று.

அப்பாவின் வண்டி பழையது, கம்பிச் சக்கரம். கம்பிச் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர் போட முடியாது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ரிம்மில் கம்பி நுழையும் இடமெல்லாம் ஓட்டை, அந்த ஓட்டை வழியாகக் காற்று போய்விடும், அதனால்தான் உள்ளே டியூப். அலாய் வீல் மாற்றலாம் என்றால் அப்பா கேட்கவில்லை. "கம்பி வளையும் ஆத்தா, நிமித்திக்கலாம். அது ஒடைஞ்சா ஒடைஞ்சதுதான்" என்றார். அவர் போகிற பாதையைப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். ஆகவே நான் ஓட்டைகளை அடைத்தேன். ரிம்மைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ஒவ்வொரு கம்பியின் தலை மீதும் சீலன்ட் பூசி, காயவைத்து, அதன் மேல் அதற்கான டேப்பைச் சுற்றி, மறுபடி வெயிலில் வைத்தேன். அம்மா துணி காயப்போட வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, "சக்கரத்துக்கு லேகியம் பூசறதுக்காடி இம்புட்டு வருசம் படிச்ச" என்பாள்.

டயர் மாட்டியது சேகர் அண்ணன் கடையில். எங்கள் ஊர் மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும், படித்து முடித்ததிலிருந்து இஞ்சினியரம்மா என்றுதான் கூப்பிடுவார். டியூப்லெஸ் டயரை உள்ளே டியூப் இல்லாமல், தனி வால்வு வைத்து, கம்ப்ரஸர் காற்றில் மாட்டினோம். டயரின் விளிம்பு ரிம்மில் போய் உட்காரும்போது இரண்டு பக்கமும் டொப், டொப் என்று சத்தம் வரும், அந்தச் சத்தம் வந்தால்தான் சரியாக உட்கார்ந்தது என்று அர்த்தம். வந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம், ஒரு குமிழி வரவில்லை. சேகர் அண்ணன் வழக்கப்படி விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்க்கப் போனார், பஞ்சர் கடைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான், நான்தான் தடுத்து அங்கேயும் சோப்புத் தண்ணீரே வைத்தேன். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், அந்த டயருக்குள் டியூப் இல்லை என்பதை நான் கையை விட்டுத் துழாவிப் பார்த்தவள் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பல மாதம் ஓடியது. முள் ஏறினால் பிடுங்கிவிட்டு ஒரு ரப்பர் திரியைச் செருகினால் போதும், அப்பா அதைத் தானே செய்யப் பழகிக்கொண்டார். ஆனால் நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் அவர் வாயால் சொல்லவில்லை. யாராவது கேட்டால், "ஓடுது" என்பார். அவ்வளவுதான். ஒருநாள் வண்டியைத் துடைக்கும்போது பக்கப் பெட்டியைத் திறந்தால் உள்ளே புதிய டியூப் ஒன்று, பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் மடித்து வைத்திருந்தது.

"இது எதுக்குப்பா?"

"இருக்கட்டுமே. சும்மாதான கெடக்கு."

"நான் செஞ்சதுல நம்பிக்கை இல்லையா?"

"அப்படி யாரு சொன்னா?" என்று சொல்லிவிட்டுப் பூக்கூடையைக் கழுவப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஊரே என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை, என் அப்பா அந்தச் சக்கரத்தை நம்பி ஏற வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அன்னவாசலில் என் பெரியம்மா மகன் பிள்ளைக்குக் காது குத்து. அம்மா முன்னாடியே பஸ்ஸில் போய்த் தங்கிவிட்டாள், நானும் அப்பாவும் பைக்கில் போனோம். திரும்பும்போது நான் ஓட்டினேன், அப்பா பின்னால். அவர் பின்னால் உட்கார்ந்து பழக்கமில்லாதவர், ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு முன்னால் அவர் காலை மிதித்துப் பிரேக் போடுவார். பொழுது சாய்வதற்குள் புதுக்கோட்டையைத் தாண்டிவிடலாம் என்று கல்குவாரிப் பக்கமாகப் போகும் குறுக்கு ரோட்டில் திருப்பினேன். ஏதோ லாரியிலிருந்து விழுந்த இரும்புத் தகடு ஒன்று ரோட்டில் கிடந்ததை நான் பார்த்தபோது சக்கரம் அதன் மேல் ஏறிவிட்டது. பின் டயரில் சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிசல். புஸ்ஸென்று போய்விட்டது. டியூப் இருந்திருந்தாலும் போயிருக்கும், எந்த டயரும் அதைத் தாங்காது, இது இன்றைக்கும் நான் சத்தியம் செய்து சொல்வேன்.

நல்லவேளை மெதுவாகப் போனதால் விழவில்லை. நடு ஸ்டாண்டு போட்டுப் பார்த்தேன். கம்பிச் சக்கர ரிம்மில் டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு கிடையாது, அதனால் காற்று போனதும் டயர் நழுவி உள்ளே தள்ளி, தொளதொளவென்று தொங்கியது.

"இதுக்குத்தான்" என்று ஆரம்பித்த அப்பா என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க. எதுக்குத்தான்?"

"ஒண்ணுமில்லத்தா. பெரியம்மா மகனுக்குப் போன் போடு, லோடு ஆட்டோ அனுப்பச் சொல்லு."

போன் செய்தேன். ஆட்டோ வருகிறது, ஆனால் இந்தக் குறுக்கு ரோடு டிரைவருக்குத் தெரியாது, யாராவது மெயின் ரோட்டு முக்கில் நின்று காட்ட வேண்டும் என்றார்கள். அப்பா நடந்து போனார். நான் வண்டிக்குக் காவல். வெளிச்சம் இன்னும் இருந்தது, எழுத்துப் படிக்கிற அளவு வெளிச்சம். ஒரு பக்கம் பாறை வெட்டிய பள்ளம், இன்னொரு பக்கம் பொட்டல், நடுவில் கருவேலம் புதர்கூட இல்லை. ஆள் ஒளிய இடம் கிடையாது. நான் அங்கிருந்த சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது சத்தம்தான். ஸ்ஸ்க். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஸ்ஸ்க். கைப்பம்பை மேலே இழுத்து, இரண்டு கையாலும் அழுத்தி இறக்கும்போது வரும் சத்தம். கடைசியில் அழுத்தம் கூடும்போது ஒரு முனகல் வருமே, அதுவும் சேர்ந்து வந்தது. யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். யாரும் இல்லை. பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்தேன், வறண்ட மணல். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார் என்பேனே பையன்களிடம், பார்த்தேன். என் வண்டியிலிருந்து வந்தது.

பக்கத்தில் போனேன். ஓடவில்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும், எனக்கு அப்போது பயம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. யார் என்ன செய்கிறார்கள் என்று. பின் டயர் நிமிர்ந்துகொண்டிருந்தது. தொங்கின இடம் இறுகி, சுருக்கம் போய், ஒவ்வொரு ஸ்ஸ்க்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. கழன்ற டியூப்லெஸ் டயரைக் கைப்பம்பில் ஏற்றி உட்கார வைப்பது நடக்காத காரியம், விளிம்பு தள்ளி இருந்தால் அடிக்கிற காற்றெல்லாம் வெளியேதான் போகும், கம்ப்ரஸர் வேண்டும். அதுவும் அந்தக் கிழிசலோடு. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது டொப் என்றது. இன்னொரு பக்கம், டொப்.

பிறகு சக்கரம் தானாக மெதுவாகச் சுற்றியது. அரைச் சுற்று வந்து வால்வு எனக்கு நேராக வந்ததும் நின்றது. வால்வின் வாயில் ஈரமாக ஏதோ பரவியது, கண்ணாடிச் சவ்வு மாதிரி. எச்சில். குமிழி வருகிறதா என்று பார்க்கிறவர்கள் வைப்பது போல. குமிழி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ கட்டைவிரலால் துடைத்தது போல அது ஒரு பக்கமாக இழுபட்டு மறைந்தது.

கையில் போன் இருந்ததே, வீடியோ எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இதைச் சொன்ன எல்லாரும் கேட்டுவிட்டார்கள். தோன்றவில்லை.

லோடு ஆட்டோவோடு அப்பா வந்தார். டிரைவர் இறங்கி டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, பஞ்சருன்னு சொல்லி இம்புட்டுத் தூரம் வரச் சொல்லிட்டு, கல்லு மாதிரி இருக்கு" என்று சலித்துக்கொண்டார்.

"யாரு வந்து அடிச்சா ஆத்தா?" என்றார் அப்பா.

"யாரும் வரலப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் கீழே உட்கார்ந்து கிழிசலைப் பார்த்தேன். அது அப்படியே இருந்தது, வாய் பிளந்து. அதற்குள்ளே மங்கிய கறுப்பில் ஒன்று முட்டிக்கொண்டு தெரிந்தது. வண்டிச் சாவியால் அழுத்திப் பார்த்தேன், ரப்பர் விறைப்பாகச் சாவியை எதிர்த்துத் தள்ளியது. டியூப்.

அவ்வளவுதான், எச்சில், சத்தம், சுற்றின சக்கரம் எல்லாம் என் மனதிலிருந்து பின்னால் போய்விட்டது. எனக்குத் தெரியாமல் அப்பா டியூப் போட்டிருக்கிறார். என்னிடம் ஓடுது ஓடுது என்று சொல்லிக்கொண்டே, நான் அடைத்த ரிம்மை நம்பாமல், கடையில் கொடுத்து டியூப் போட்டிருக்கிறார். ஆட்டோவை அனுப்பிவிட்டு அதே வண்டியில் வீடு வந்து சேர்ந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எப்பப்பா டியூப் போட்டீங்க?"

"நான் எங்க போட்டேன்?"

"உள்ள இருக்கு. பார்த்தேன்."

அப்பா போய்ப் பக்கப் பெட்டியைத் திறந்து அந்தப் புதிய டியூப்பை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். கவர் பிரிக்கவில்லை. "ஒம்மேல சத்தியமா நான் போடலை. இதுதான் நான் வாங்குனது" என்றார். என் மேல் அவர் சத்தியம் செய்து நான் கேட்டதே இல்லை. நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை என்றால் சேகர் அண்ணன். எப்போதாவது முள் எடுக்கக் கொடுத்தபோது போட்டிருப்பார். அவருக்கும் என் சக்கரத்தைக் கண்டால் இளக்காரம்தான்.

காலையில் நானும் அப்பாவும் வண்டியோடு கடையில் நின்றோம். "என்ன இஞ்சினியரம்மா, லேகியம் உருகிருச்சா?" என்றார் சேகர் அண்ணன். அம்மா சொன்னது அவர் வரை போயிருக்கிறது.

"நீங்க டியூப் போட்டீங்களாண்ணே?"

"நான் ஏன் போடுறேன்? தனி வால்வு இருக்கு பாரு. டியூப் போட்டா இதக் கழட்டிட்டு, டியூப்போட வால்வ அந்த ஓட்டைல விடணும். இது ஒன்னோட வால்வுதான் தங்கச்சி."

அதை நான் யோசிக்கவில்லை. அவர் சொன்னது சரிதான், ரிம்மில் இருந்தது நான் வைத்த டியூப்லெஸ் வால்வு. சேகர் அண்ணன் சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப் போட்டு, வால்வுக்குள் இருக்கும் ஊசியை எடுத்தார். சின்னதாக உஸ் என்றது, அவ்வளவுதான் காற்று. டயர் மீது ஏறி நின்றார். அமுங்கவில்லை. குதித்தார். அமுங்கவில்லை.

"என்னடா இது" என்றார், அதற்குப் பிறகு அவர் கிண்டல் பேசவில்லை.

கம்பி போட்டு நெம்பி ஒரு பக்கத்தைத் திறக்கவே நேரமானது. உள்ளேயிருந்து டியூப் பிதுங்கிக்கொண்டு வந்தது, முழுக் காற்றோடு. பழைய டியூப், வெளுத்து, ஒட்டு மேல் ஒட்டு. அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பினோம். வால்வு இல்லை. வால்வு இருக்க வேண்டிய இடத்திலும் ஒரு ஒட்டு. காற்று உள்ளே போக வழியே இல்லாத டியூப் கல்லு மாதிரி இருந்தது.

"என் கை ஒட்டு இல்ல இது" என்றார் சேகர் அண்ணன், கேட்காமலே. "நான் வட்டமா வெட்டுவேன். இது எல்லாம் சதுரம். இந்தப் பக்கம் யாரும் சதுரமா வெட்ட மாட்டாங்க, மூலை பிரிஞ்சுரும்."

ஒரு மூலைகூடப் பிரியவில்லை. நான் பிளேடை எடுத்தேன்.

"அறுக்காதத்தா" என்றார் அப்பா.

"ஏம்ப்பா? ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும். நம்மள வீடு கொண்டாந்து சேர்த்துச்சுல்ல."

நான் அறுத்தேன். அப்பா என் கையைப் பிடிக்கவில்லை, கடைக்கு வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். அழுத்தத்தில் இருக்கும் காற்று வெளியே வரும்போது குளிர்ச்சியாக இருக்கும், எந்த வால்விலும் விரல் வைத்துப் பாருங்கள், சில்லென்றுதான் வரும், அது இயற்பியல். இது என் மணிக்கட்டில் வெதுவெதுப்பாகப் பட்டது. பக்கத்தில் நின்று யாரோ வாய் திறந்து மூச்சு விட்டது போல. சேகர் அண்ணனும் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, நீட்டின கையைச் சட்டையில் துடைத்தார்.

அந்த இடத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர் யாராவது செத்திருப்பார் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பெரியம்மா மகனை விட்டு விசாரித்தேன், நானும் ஒரு பகல் போய்க் கேட்டேன். அங்கே கடையே இருந்ததில்லை, விபத்தும் நடந்ததில்லை. டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "எடம் வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார். அறுத்த டியூப்பை ஒர்க்‌ஷாப்பில் என்னுடன் வேலை பார்க்கிறவர்களிடம் காட்டினேன். சிரிஞ்சு ஊசியால் குத்திக் காற்றேற்றி, ஓட்டையை ஒட்டியிருக்கலாம் என்றார் ஒருவர். அப்படிச் செய்து பார்த்தோம், ஒட்டுவதற்குள் காற்று போய்விடுகிறது. அவர் அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை, ஏதோ நான் வித்தை காட்டி ஏமாற்றிவிட்டது போல.

புதிய டயர் வாங்கினேன். இந்த முறை முன், பின் இரண்டு ரிம்மையும் புதிதாக அடைத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்து, அப்பாவையும் பார்க்க வைத்து, அதன் பிறகுதான் டயரை மூடினோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க வெளியே விட்டு, டயர் அமுங்குகிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி அடிப்பேன். ஏன் என்று அப்பா கேட்பதில்லை. எல்லா வாரமும் அமுங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், மறுநாள் முகூர்த்தம் என்பதால் அப்பா அப்போதே பூ எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். பின் சக்கரத்தைப் பார்த்து முடித்துக் காற்றடித்துவிட்டு, முன் சக்கரத்தின் ஊசியைக் கழற்றினேன். நீளமாக வர வேண்டிய சத்தம், உஸ் என்று சின்னதாக வந்து நின்றுவிட்டது. டயரை அழுத்தினேன். இரண்டு கையாலும் அழுத்தினேன், முட்டிக்கால் போட்டு அழுத்தினேன். நல்ல வெயில், அம்மா உள்ளே ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள், அந்த மணம் வருகிறது, நான் முட்டியை எடுக்காமல் அப்படியே இருக்கிறேன்.

அப்பா கூடைகளைக் கட்டிவிட்டு வந்து ஹேண்டிலைப் பிடித்தார். "என்னத்தா, சரியா இருக்குல்ல?"

நான் எழுந்து தள்ளி நின்றேன். வாயைத் திறந்தேன், என்ன வந்தது என்று பாருங்கள்: "இருக்குப்பா. போயிட்டு வாங்க."

அவர் வண்டியை உதைத்து ஏறி உட்கார்ந்து, எதற்கோ திரும்பி என்னைப் பார்த்து, "ஒன்னைய நம்பித்தான ஆத்தா ஓட்டுறேன்" என்றார். முதல்முறையாகச் சொன்னார். தோள்பட்டை உடைந்த நாளிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான். வண்டி தெருமுக்கில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி ஏறியது, முன் சக்கரம் கொஞ்சமும் நசுங்கவில்லை. வால்வு ஊசி என் உள்ளங்கையில் இருந்தது.

நான் கூப்பிட்டிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை. அந்தச் சக்கரத்தை இன்னும் நான் திறக்கவில்லை, ஊசியையும் திரும்ப மாட்டவில்லை, அப்பா தினமும் அதில்தான் போய் வருகிறார்.